பிசினஸ் கிளாஸ் திரை

கனடாவிலிருந்து பிரமநாயகமும் அவர் மனைவி உலகம்மாளும் மேலநெடுங்குளம் திரும்பிய அன்று, அவர்களோடு ஐந்து பெட்டிகளும் ஒரு திரையும் வந்து இறங்கின. பெட்டிகளைத் திருவனந்தபுரத்தில் வாடகைக் காரின் தலையில் கட்டி, ஆரியங்காவு வழியாக மலை இறக்கிக் கொண்டுவந்தார்கள். திரையை யாரும் கட்டவும் இல்லை, சுமக்கவும் இல்லை. பிரமநாயகம் வீட்டுக்குள் நுழைந்து, ஆறு மாதத் தூசி படிந்து கிடந்த தன் நாற்காலியைத் துண்டால் தட்டி உட்கார்ந்து, "உலகு, ஒரு வாய் காபி" என்று அடுப்படிப் பக்கம் திரும்பியபோது, கூடத்தின் நடுவில், கம்பியில்லாமல் வளையமில்லாமல், சாம்பல் நீலத்தில் பொடிப்பொடியாகப் பொன்னிறப் புள்ளி போட்ட துணி ஒன்று, தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு அதைத் தெரியும். விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம் அதன் முன்பக்கம் உட்கார்ந்து வந்தவர் அவர். பின்பக்கம் உட்கார்ந்து வந்தவள் உலகம்மாள். அவள் காபி டம்ளரைத் துணிக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக மெல்லத் தள்ளிவிட்டாள். அவர் எடுத்துக் குடித்தார்.

நடந்தது இவ்வளவுதான். தென்காசி தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிரமநாயகம், மகன் சைலப்பனின் மனைவிக்குப் பிரசவம் என்று உலகம்மாளோடு கனடா போனார். அந்த ஆறு மாதமும் அவள் பத்தியச் சாப்பாடு ஆக்கினாள், பேரனைக் குளிப்பாட்டினாள், துணி அலசினாள், ராப்பகலாகத் தோளில் போட்டு நடந்தாள். அவர் பூங்காவில் நடந்தார், குளிரைப் பற்றி ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். திரும்பும் நாளில் விமானத்தில் இருக்கைகளைவிட ஆட்கள் கூடிவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்து, பிசினஸ் கிளாஸில் ஓர் இடம் இருக்கிறது, உங்களில் ஒருவருக்குத் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு உலகம்மாளின் கால்களைப் பார்த்தாள். செருப்பின் வாரைத் தாண்டி அவை வீங்கிப் பிதுங்கிக்கொண்டிருந்தன. "அம்மாவுக்குத் தரட்டுமா?" என்று கேட்டாள்.

உலகம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. "அவளுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்" என்று பிரமநாயகம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "எனக்கு முன்னாடி போட்டுட்டாங்க. வேற சீட்டு இல்லையாம்" என்றார்.

"சரி, நீங்க கால நீட்டி வாங்க" என்றாள் அவள்.

அவர் காலை நீட்டினார். பொத்தானை அழுத்தினால் கால்பலகை எழுந்தது, இன்னொன்றை அழுத்தினால் முதுகு சாய்ந்தது, மூன்றாவதை அழுத்தினால் நாற்காலியே கட்டிலாகிப் படுத்தது. குழாய்ப் புட்டைப்போலச் சுருட்டிய வெந்நீர்த் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்துத் தந்தார்கள், அதைத் தின்பதா துடைப்பதா என்று தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்தார். வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டு வைத்து, அச்சடித்த அட்டை கொடுத்து, என்ன சாப்பிடுகிறீர்கள் மிஸ்டர் பிரமநாயகம் என்று பணிப்பெண் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் தாசில்தார்களுக்கு முன்னால் எழுந்து நின்ற உடம்பு அது. அந்த மெத்தையில் அது தன் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் சென்னையில் பெரிய டாக்டர். "நீங்க எதுல இருந்தீங்க?" என்று கேட்டார். "டெபுடி கலெக்டர்" என்றார் பிரமநாயகம். சொன்ன பிறகு அது அவருக்கே நம்பும்படியாக இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு முன்பு, பிசினஸ் கிளாஸையும் பின்பக்கத்தையும் பிரிக்கும் திரை அசைந்தது. விலகிய துணிக்கிடையே உலகம்மாள் நின்றாள். மகனின் பழைய ஸ்வெட்டர் புடவைக்கு மேலே முழங்கால்வரை தொங்கியது, தலைமுடி கலைந்திருந்தது, கையில் பிளாஸ்டிக் பை. "எங்க வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காவ. பிரஷர் மாத்திர" என்று தமிழிலேயே பணிப்பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரமநாயகம் தூங்குவதற்குக் கொடுத்திருந்த கறுப்புப் பட்டையைக் கண்களுக்கு மேல் இழுத்துவிட்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டார். பணிப்பெண் அவரை மெல்ல அழைத்தாள். அவர் அசையவில்லை. இன்னொரு முறை அழைத்தாள். மூச்சை மட்டும் நீளமாக விட்டார். பணிப்பெண் மாத்திரையை வாங்கி ஒரு தட்டில் வைத்துவிட்டு, உலகம்மாளைத் திரும்பிப் போகச் சொல்லித் திரையை இழுத்து மூடினாள்.

சற்றுப் பொறுத்து அவர் பட்டையை எடுத்தபோது, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்களத்தான் தேடினாங்க போலிருக்கு, கலெக்டர் சார். யாரு?"

"வீட்டுல வேல பாக்குற அம்மா" என்றார் பிரமநாயகம். "பேரனப் பாத்துக்கக் கூட்டிட்டுப் போயிருந்தோம்."

திரையின் அசைவு அப்போதும் நிற்கவில்லை. அவள் அதற்குப் பின்னால் நின்றாளா, போய்விட்டாளா என்பதை அவர் எழுந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இப்படியாகத் திரை மேலநெடுங்குளத்துக்கு வந்தது. மறுநாள் காலையில் பால்காரர் பார்த்து, "புதுசா திரை போட்டிருக்கீயளா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்கடை காஜா மைதீன் வந்து ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "அண்ணாச்சி, இது தீப்பிடிக்காத துணி. மடிச்சு அடிச்சிருக்க நேர்த்தியப் பாருங்க, நம்ம மிஷின்ல வராது" என்றார். மின்வாரிய ஆள் ஏணி வைத்து ஏறி, மேலே எதிலும் மாட்டியிருக்கவில்லை, கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம் என்று இறங்கினார். கிராம நிர்வாக அலுவலர் இதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லையே என்று மட்டும் கவலைப்பட்டார். பூசாரி திருநீறு போட்டார். திரை போகவில்லை, திருநீறு துணியில் ஒட்டவுமில்லை.

பிரமநாயகம் போன இடமெல்லாம் அது போயிற்று. டீக்கடையில் உட்கார்ந்தால் பெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது; தென்காசி டவுன் பஸ்ஸில் ஏறினால் நான்காவது வரிசைக்குப் பின்னால் இறங்கி நின்றது. முன்பக்கம் எப்போதும் அவர் இருந்த பக்கமாகவே இருந்தது. அங்கே இருக்கை இளகிற்று, கால் நீண்டது, வெயில் தணிந்தது, வெந்நீர்த் துண்டின் மணம் வந்தது, பேசுகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின்பக்கம் முன்போலவே இருந்தது, முழங்கால் மட்டும் முன்னைவிடச் சற்று இடித்தது. ஊர் இதற்காக அதிசயப்பட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டில் யாருக்கு எந்த டம்ளரில் காபி, யார் எதுவரை உள்ளே வரலாம் என்பதெல்லாம் அந்த ஊரில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததை இப்போது தொட்டுப் பார்க்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். முன்னால் இருபது பேர் சாய்ந்து உட்கார, பின்னால் அறுபது பேர் நெருக்கி நிற்க, பிசினஸ் கிளாஸ் என்றால் என்ன என்று அவர் விளக்கினார்.

"படுக்கலாமா அண்ணாச்சி?"

"மல்லாக்கப் படுக்கலாம்."

"சாப்பாடு?"

"அட்ட குடுப்பாங்க. வேணுங்கிறத நாம சொல்லலாம். பீங்கான் தட்டு."

"பெட்டி?"

"நம்ம பெட்டிதான் முதல்ல வரும். வரிசையும் தனி வரிசை. நிக்க வேண்டியதில்ல."

பின்பக்கத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி, "பின்னாடி இருக்கவங்களும் அதே நேரத்துக்குத்தான போய் இறங்குதாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பெறகென்ன?"

முன்பக்கம் சிரித்தது. "உங்க வீட்டம்மாவும் முன்னாடிதான வந்தாவ?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, பக்கத்து சீட்டு" என்றார் பிரமநாயகம். உலகம்மாள் அந்த அறுபது பேரில் ஒருத்தியாக ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள் என்பது கூட்டம் கலையும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் கல்யாண மண்டப உரிமையாளர் ஆவுடையப்பன் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி இருக்காவளா?" என்று குரல் கொடுத்தார். பிரமநாயகம் திரைக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து உலகம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"சார் தூங்குதாங்க."

பேப்பர் அவர் கையில் மடங்கிற்று. முப்பத்தேழு வருடத்தில் அவள் அவரை 'ஏங்க' என்பாள், 'இங்க பாருங்க' என்பாள், கோபமென்றால் ஒன்றுமே சொல்லாமல் பாத்திரத்தை உருட்டுவாள். சார் என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து அதைத் தவிர வேறு சொல்லவில்லை. சார், காபி. சார், வெந்நீர் போட்டாச்சு. சார், போன். குரலில் குத்தல் இல்லை, சிணுக்கம் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வந்தவள் சொல்வதுபோல் பணிவாகச் சொன்னாள். கேட்ட அக்கம்பக்கம், கனடா போய்வந்து எவ்வளவு மரியாதை கற்றிருக்கிறாள் என்று மெச்சிற்று. அவருக்கு ஒவ்வொரு முறையும் காது மடல் சுட்டது. கேட்டுவிடலாம் என்று பலமுறை துணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என்ன கேட்பது? விமானத்தில் நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று கேட்டால், எதை என்று அவள் திருப்பிக் கேட்பாள். அதை அவர் தன் வாயால் இன்னொரு முறை சொல்ல வேண்டும்.

ஆவுடையப்பன் வந்தது, வருகிற முகூர்த்தமெல்லாம் அண்ணாச்சி நம் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று அழைக்கத்தான்; சாயங்காலம் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார். முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி; அவருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் திரை; திரைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு முதல் பந்தி. ஆனியில் ஆரம்பித்து ஆவணிக்குள் முன்பக்கத்துக்கு யார் யார் என்று பத்திரிகை வைக்கும்போதே சொல்லிவிடும் வழக்கம் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. பின்பக்கத்திலிருந்து யாராவது துணியை விலக்கி எட்டிப் பார்த்தால், முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் கண்கள் மெல்ல மூடிக்கொண்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூடிய கண்ணோடு வெற்றிலை மென்றார்கள், மூடிய கண்ணோடு தலையாட்டினார்கள்.

ஆவணி நடுவில் ஒரு முகூர்த்தத்தில், தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை விழுந்துகொண்டிருந்த நேரம், துணியை விலக்கிக்கொண்டு செண்பகவடிவு என்ற அம்மாள் நின்றாள். முன்பக்கத்தில் பிரமநாயகத்துக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த காண்டிராக்டர் முத்தையாவின் அக்கா அவள். தாயில்லாத முத்தையாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

"முத்தையா, அத்தானுக்குத் தல சுத்துதுன்னு சுவத்தோட சாஞ்சிட்டாவ. வேர்த்து ஊத்துது. கார எடுக்கச் சொல்லேன்."

முத்தையா கண்ணை மூடினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மூடினார். வரிசையாக, விளக்கு அணைவதுபோல, இருபது பேர் மூடினார்கள். பிரமநாயகத்தின் இமைகளும் பழக்கத்தில் பாதிவரை இறங்கின. அந்தப் பாதிக் கண்ணில் அவர் முத்தையாவின் முகத்தைப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த முகம். தூங்குகிறவன் மூச்சு அப்படி இருக்காது. அதைப் பார்க்கிற எவருக்கும், அன்று பணிப்பெண்ணுக்கும் டாக்டருக்கும் திரையை விலக்கி நின்ற உலகம்மாளுக்கும்போல, அது தூக்கமில்லை என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.

"வே முத்தையா, எந்திரிவே!" என்று கத்தினார். "நீரு தூங்கல. அக்கா நிக்காவ பாரும்!"

முத்தையா திடுக்கிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் கார்ச் சாவியைத் துழாவிக்கொண்டு ஓடினார். அத்தானைத் தூக்கிக்கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் மண்டபம் முழுக்கப் பிரமநாயகத்தைப் பார்த்தது. அவர் திரையை நோக்கி நடந்தார். அவர் ஓர் அடி வைக்க, திரை ஓர் அடி தள்ளிப் போயிற்று. நாற்காலிகளைக் கடந்து, இலை போட்டவர்களைக் கடந்து, மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனார். திரை சுவரோடு ஒட்டி நின்றது, பின்பக்கத்து ஆட்கள் எல்லாம் அதற்கும் சுவருக்கும் நடுவே எப்படியோ அடங்கி இருந்தார்கள். அவரால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. துணியைப் பார்த்துப் பேசினார்.

"உலகு. அன்னைக்கு நான் தூங்கல."

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து கருவியை எடுத்தார்.

"தெரியும்" என்றது துணிக்குப் பின்னாலிருந்து உலகம்மாளின் குரல். "தூங்குனா உங்க வாய் தொறந்திருக்கும்."

யாரோ ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருல யாருக்குன்னு கேட்டா அந்தப் பிள்ள. உன் காலப் பாத்துட்டு உனக்குத்தான் தரப்போனா. நான்தான் வாங்கிக்கிட்டேன். பக்கத்து சீட்டுல நீ வரல. பின்னாடி வந்த." அவர் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "உன்ன வேலக்காரின்னு சொன்னேன்."

"அதும் கேட்டுச்சு."

"பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

பின்பக்கத்தில் எவரோ ஒரு குழந்தையை அமர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னத்தக் கேக்க?" என்றாள் உலகம்மாள். "கலெக்டருன்னு சொன்னீங்க, பொய். பக்கத்து சீட்டுன்னு சொன்னீங்க, பொய். நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் நெசமாட்டம் எனக்குப் பட்டுச்சு. நெசத்த எப்படிக் கேக்க?"

மண்டபத்தில் அப்போது நிமிர்ந்திருந்த தலை ஒன்றுகூட இல்லை. ஆண்கள் இலையைப் பார்த்தார்கள், இலையில் வைத்த உப்பைப் பார்த்தார்கள். பெண்களில் சிலர் திரையைப் பார்த்தார்கள், சிலர் தங்கள் கையைப் பார்த்தார்கள். பந்தி நடந்தது. யாரும் இரண்டாம் முறை சாம்பார் கேட்கவில்லை. பிரமநாயகம் சாப்பிடாமல் வெயிலில் வீட்டுக்கு நடந்தார். திரை அவருக்கு இடதுபக்கமாக, தெருவை நீளவாக்கில் இரண்டாக்கிக்கொண்டு கூடவே வந்தது. அதன் அந்தப் பக்கத்தில் உலகம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஆவுடையப்பன் அவரை அழைக்கவில்லை. அதற்காகத் திரை இல்லாமல் போகவுமில்லை. காஜா மைதீனிடம் சாம்பல் நீலத் துணி கொடுத்து, கம்பி வளையம் வைத்துத் தைத்து வாங்கி, மூன்றாம் வரிசையில் மாட்டிவிட்டார். முன்பக்கம் முன்போல நிறைந்தது. ஊருக்குத் திரை பழகிவிட்டது, பிரமநாயகம்தான் வேண்டியிருக்கவில்லை.

அவர் வெளியே போவதை நிறுத்தினார். தலையைக் குனிந்து டீக்கடையைக் கடப்பதைவிட வீட்டில் இருப்பது சுலபமாக இருந்தது. உலகம்மாள் சார் என்று சொல்வதை விட்டுவிட்டாள். ஏங்க என்றும் சொல்லவில்லை. டம்ளர் தரையோடு வந்தது, காலி டம்ளர் தரையோடு போயிற்று. தன் பக்கத்து மெத்தென்ற நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு அவர் தரையில் உட்கார ஆரம்பித்தார். தரையும் இளகிக்கொடுத்தது. அது அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு முற்பகல், அந்தப் பக்கம் அவள் முருங்கைக்கீரை உருவுகிற மெல்லிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், பலநாள் மனத்தில் புரண்டதைக் கேட்டார்.

"ப்ளேன்ல மாத்திரயத்தான் அந்தப் பிள்ளகிட்ட குடுத்திட்டியே. அவ போகச் சொன்ன பெறகும் எதுக்கு நின்ன?"

கீரை உருவும் சத்தம் நின்றது.

"மாத்திர சாக்கு" என்றாள் அவள். "நீங்க அன்னைக்கு மாத்திர போடலன்னா ஒண்ணும் ஆயிராது."

"பெறகு?"

"எனக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்துல ஒரு மலையாளத்துப் பிள்ள, நர்சு. நல்ல பிள்ள. ராத்திரி பூரா என் காலத் தூக்கித் தன் மடியில வச்சிக்கிட்டா. காலைல என்ன எழுப்பி, அம்மே பாருங்கன்னா. ஜன்னல் மூடியத் தூக்கிப் பாத்தா கீழ பூரா மல. எந்த நாடோ. மல மேல மல, அம்புட்டும் வெள்ள. அதுமேல வெயில் அப்பத்தான் விழுது. ஒரு பக்கம் ரோசாப் பூ மாதிரி, மறுபக்கம் நீலமா. ஒரு வீடு இல்ல, ஒரு ஆள் இல்ல." ஒரு கீரைக் கொத்தை உதறும் சத்தம் வந்தது. "இத நம்ம ஆளு பாக்கலையேன்னு இருந்துச்சு. உங்கள எழுப்பிக் கூட்டிட்டு வந்து என் சீட்டுல உக்கார வச்சிக் காட்டணும்னுதான் வந்தேன். நின்னு பாத்தேன், எந்திரிப்பீங்களோன்னு. திரும்பிப் போறதுக்குள்ள மேகம் மூடிருச்சு."

நடு வரிசையில் ஜன்னலே இல்லாத அந்தக் கட்டிலில், கறுப்புப் பட்டைக்குள், தான் அப்போது என்ன பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பிரமநாயகம் நினைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கறுப்பு. அவருக்கு உடம்பெல்லாம் குன்றியது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு குன்றவில்லை. துணிக்கு முகம் படும்படி நெருங்கி உட்கார்ந்தார்.

"எவ்வளவு பெரிய மல?" என்று கேட்டார்.

"அத எப்படிச் சொல்ல" என்றாள் உலகம்மாள். ஆனால் சொல்லத் தொடங்கினாள். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த நர்சுப் பிள்ளை எப்படிச் சிரித்தாள் என்பதிலிருந்து, மலைக்கு நடுவே கோடு மாதிரி உறைந்து கிடந்த ஆறுவரை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு நின்னுச்சு பாருங்க, நம்ம மலையெல்லாம் அதுக்குக் கால்தூசி. இந்தத் தண்டி இருக்கும்."

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருக்க வேண்டும். வளையல் சத்தம் மட்டும் இந்தப் பக்கம் கேட்டது.